மாடிக்குப் போன ஒயர்

ஞாயிறு இரவு, மணிமங்கலம்.

அண்ணியின் நடன வகுப்பு இன்றைக்குத் தப்பித்தது. என்னால்தான். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

கோயில் விழாவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாட்டுக்கு ஆட வேண்டும். ஹாலில் இடம் போதாமல் பாதிப் பேர் மாடி அறையில் பழகுகிறார்கள். வைஃபையில் மாடி ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடும். போன வாரம் ஒரு பெண்ணின் அம்மா, "டீச்சர், மேல ஒரு தாளம், கீழ ஒரு தாளமா கீது. எம்பொண்ண படப்பை டான்ஸ் கிளாஸ்ல சேத்துடறேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணி அன்று சாப்பிடவில்லை.

காலையில் பிளான்ட்டில் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் ரூட்டரிலிருந்து மாடி ஸ்பீக்கருக்கு லேன் கேபிள் இழுத்தேன். அவசரத்தில் முனையில் பிளக்கை முதலிலேயே அடித்துவிட்டேன். சுவர்க் குழாயில் அது நுழையவில்லை. அண்ணனுக்கு ஒரே சிரிப்பு.

"ஊரே ஒயர் இல்லாம பாட்டு கேக்குது. என்ஜினீயர் ஒயர் இழுத்துகினு கீறாரு!"

பிளக்கை வெட்டி எறிந்தேன், கேபிளை இழுத்தேன், புது பிளக் அடித்தேன். பிளான்ட்டில் செய்வதுபோல இரண்டு முனையிலும் நம்பர் ஒட்டினேன்.

"அண்ணி, இருக்கறதுலயே வேகமான பாட்டைப் போடுங்க. பிசகுனா அதுலதான் தெரியும்."

வகுப்பு தொடங்கியதும் மாடிப்படியின் நடுவில் நின்றேன். மேலும் கீழும் அத்தனை கால்களும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. படி அதிர்ந்தது. போன வாரம் குறை சொன்ன அந்த அம்மா, வாசலிலேயே நின்றிருந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். முந்தின இரவு முழுக்கத் தூங்காதவன்தான் நான். ஆனாலும் பாட்டு முடியும்வரை படியைவிட்டு இறங்க மனம் வரவில்லை.