வெள்ளைப் பட்டை போட்ட பூவாளி

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.5.2025

என் பிரியமான பாண்டிசெல்விக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் வீட்டில் எல்லோரும் சுகம். நீ சுகமா? உன் மில் ஹாஸ்டலில் செல்போன் கூடாது என்று வைத்திருக்கும் சட்டத்தால், மூன்று வருடமாக நாட்டில் தபால் எழுதும் ஒரே கல்லூரிப் பெண் நானாகத்தான் இருப்பேன்.

டிகிரி பரீட்சை முடிந்துவிட்டது. இங்கே பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் ஒன்றரை மாதம் இன்டர்ன்ஷிப். பொறுப்பாளர் காசிராஜன் சார் நல்ல சான்றிதழ் கொடுத்தால் எம்.எஸ்ஸி. சீட்டு நிச்சயம். வேலை வேறொன்றுமில்லை, செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுவது. உனக்குத்தான் தெரியுமே, பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவுக்குக்கூட சீட்டு ஒட்டியவள் நான்.

முதல் நாளே உன் அம்மாவைப் பார்த்தேன். இருளம்மாள் அத்தை வ.புதுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஆறு மணிக்கெல்லாம் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மலையிலிருந்து விதை எடுத்துவந்து முளைக்க வைத்த காட்டு ஜாதிக்காய்க் கன்றுகள் இருநூறு இருக்கின்றன. இரண்டு வருடமாக அத்தைதான் வளர்த்திருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் அத்தையை நிரந்தரமாக்கப் போவதாக சாரே என்னிடம் சொன்னார். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "எம் மக பேர ஒரு சீட்டுல எழுதித் தாயேன்" என்று கேட்டு வாங்கி, தூக்குவாளியில் ஒட்டிக்கொண்டார்கள்.

உன்,
ஹெப்சி


ராஜபாளையம்
11.5.2025

அன்புள்ள ஹெப்சி,

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். தபால் எழுதும் ஒரே கல்லூரிப் பெண் என்ற இடத்தில் அவருக்கே சிரிப்பு.

அம்மா நிரந்தரமாகும் சேதியை மூன்று முறை படித்தேன். ஜூன் பதினைந்தோடு எனக்கு மில்லில் மூன்று வருடம் முடிகிறது. அம்மாவுக்கு அந்த வேலை உறுதியானால் நான் வெளியே வந்து நர்சிங் சேருவேன். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியதுதான். இரண்டு மாதமாக இருமல் நிற்கவில்லை. பஞ்சு தூக்கத்திலும் தொண்டைக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் என்னால் முடியாது ஹெப்சி, உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

நர்சிங் விண்ணப்பம் ஒன்று வாங்கி அனுப்பு. அம்மாவைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பாண்டிசெல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.5.2025

பிரியமுள்ள பாண்டிசெல்வி,

விண்ணப்பம் அடுத்த வாரம்தான் கொடுப்பார்களாம். வாங்கி அனுப்புகிறேன். இருமலுக்கு டாக்டரைப் பார், வார்டனிடம் சண்டை போட்டாவது பார்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதுவரை நூற்று நாற்பது சீட்டு எழுதி முடித்தேன். இங்கே பூவாளிக்குக்கூட ஒழுங்கு உண்டு. வெள்ளைப் பட்டை அடித்தது தண்ணீருக்கு, சிவப்புப் பட்டை அடித்தது நடைபாதையில் களைக்கொல்லி ஊற்ற. வேலைக்கு வரும் பெண்கள் நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இன்று சிவப்புப் பூவாளி ஓட்டையாகிவிட்டது. பெயிண்டுக்கு எங்கே போவது? வெள்ளையில் ஒன்றை எடுத்து மருந்தைக் கலந்து, 'களைக்கொல்லி' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். அச்சடித்த மாதிரி இருக்கிறது, சார் பார்த்தால் மெச்சுவார். மிச்ச நடைபாதைக்கு நாளைக் காலையில் ஊற்ற வேண்டும்.

அத்தை கொடுத்த மாங்காய் ஊறுகாயைத் தின்றுகொண்டே எழுதுகிறேன்.

உன்,
ஹெப்சி


ஸ்ரீவில்லிபுத்தூர்
28.5.2025

அன்புள்ள பாண்டிசெல்வி,

இதை எழுதக் கை வரவில்லை. காட்டு ஜாதிக்காய்க் கன்றுகள் எல்லாம் போய்விட்டன. நாலைந்து நாளில் மஞ்சளாகி, பிறகு கருகிவிட்டன. யாரோ களைக்கொல்லியை ஊற்றியிருக்கிறார்கள் என்று சார் கண்டுபிடித்துவிட்டார். அத்தைதான் தெரியாமல் மருந்தைக் கலந்து ஊற்றியிருக்க வேண்டும் என்று சொல்லி, நேற்று வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

அத்தை போகும்போது காய்ந்த கன்றுகளின் பக்கத்தில் செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். எனக்கு மனசே சரியில்லை. உனக்காக ஜெபம் பண்ணுகிறேன்.

ஹெப்சி


ராஜபாளையம்
3.6.2025

அன்புள்ள ஹெப்சி,

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் அம்மா வந்தாள். கொண்டுவந்த சோற்றை நாங்கள் இரண்டு பேருமே தின்னவில்லை. "நா அந்த மருந்துப் பாட்டிலத் தொட்டதே இல்லட்டி. வெள்ளப் பட்டைதான் எடுத்தேன், தெனமும் எடுக்குறதுதான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கன்றுகளைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துத் தினமும் அழுகிறாள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிவப்புப் பூவாளி ஓட்டையான கதையைப் பத்தொன்பதாம் தேதி எழுதியிருந்தாயே, அதைக் காசிராஜன் சாரிடம் சொன்னாயா?

சொல்லியிருந்தால் அவர் ஏன் அம்மாவை நிறுத்தினார்? சொல்லவில்லையென்றால் இன்றைக்கே போய்ச் சொல். உன்னைத் திட்டுவார், அவ்வளவுதானே. இங்கே பதினைந்தாம் தேதி என் முன்னால் தாளை நீட்டுவார்கள். அதற்குள் அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தால் நான் வெளியே வந்துவிடுவேன்.

மிச்சத்தையெல்லாம் நாம் பிறகு பேசிக்கொள்ளலாம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பாண்டிசெல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.6.2025

என் உயிர்த்தோழி பாண்டிசெல்விக்கு,

உன் கடிதத்தைப் படித்து ராத்திரியெல்லாம் அழுதேன். சொல்லவில்லை. சார் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டபோது வாய் திறக்கவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார், நான் பெயர் எழுதித்தானே வைத்திருந்தேன்? அந்தச் சீட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. தண்ணீர் பட்டு உதிர்ந்திருக்கும். இப்போது நான் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

என் இன்டர்ன்ஷிப் அறிக்கையில் சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பதினாறாம் தேதி சான்றிதழ் தருகிறார். அது கைக்கு வந்த மறுநிமிஷமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், சத்தியமாக. ஒரு நாள்தானே பாண்டி. நீ வார்டனிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒரு நாள் தள்ளிப்போட முடியாதா? அப்பா எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று உனக்குத் தெரியும்.

நர்சிங் விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
ஹெப்சி


ராஜபாளையம்
18.6.2025

ஹெப்சிபாவுக்கு,

ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன். வார்டன் சிரித்தார். எனக்குப் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டிலிருந்து ஒருவர் வேண்டும் என்றதால் அம்மாவும் வந்து கைநாட்டு வைத்தாள்.

இரண்டு நாள் பொறுத்தேன். நேற்று வார்டனிடம் கெஞ்சி, தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட வைத்தேன். திங்கட்கிழமை மத்தியானமே நீ சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாயாம். இருளம்மாளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார்கள்.

உன் சீட்டு தண்ணீர் பட்டு உதிரவில்லை. கைநாட்டு வைக்க வந்த அன்று அம்மா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நான்காய் மடித்துக் கசக்கியிருந்ததை நீவிவிட்டு வைத்திருந்தாள். வேலையைவிட்டு நிறுத்திய அன்று காலையில் குப்பை அள்ளும்போது கிடந்ததாம். "ஒங் கூட்டாளி எழுத்து. எம்புட்டு அழகா இருக்கு, அதான் எடுத்து வச்சேன். என்னன்னு படி" என்றாள். அவளுக்கு வேறு எந்தச் சந்தேகமும் இல்லை. 'களைக்கொல்லி' என்று படித்துக் காட்டினேன்.

அம்மா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, இது பூவாளியில் ஒட்டியிருந்த தாள்தான் என்றாள். அந்தப் புள்ள எல்லாத்துலயும்தான் ஒட்டுது, இதுலயும் அழகுக்கு ஒட்டியிருக்குன்னு நெனச்சேன் என்றாள். ஆபீசில் கொண்டுபோய்க் காட்டலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. "அவ எழுதித்தான் வச்சிருக்காட்டி. படிக்கத் தெரியாதவ நாந்தான். அவ படிப்பக் கெடுத்துராத" என்றாள்.

அதனால்தான் நானும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா சொன்னதற்காக, உனக்காக இல்லை. கசக்கிப் போட்டது யார் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு யாருக்காவது கொடு. எனக்கு இனிமேல் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லி வார்டனிடம் சொல்லிவிட்டேன்.

அந்தச் சீட்டையும் இத்துடன் வைத்து அனுப்ப நினைத்தேன். அம்மா தரமாட்டேன் என்கிறாள். அடுத்து வேலைக்குப் போகிற இடத்தில் இந்த ஒரு வார்த்தையாவது தெரிய வேண்டாமா என்கிறாள். அதைப் பார்த்துத்தான் எழுதிப் பழகுகிறாள்.

பாண்டிசெல்வி