நீளாத முழங்கை

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் மூன்று கதவுக்குக் கீல் மாற்றினேன். ஒன்று இன்னும் முனகுகிறது. நானும்தான், இடுப்பில்.

சாயங்காலம் ஜிம்னாஸ்டிக்ஸ் முடிந்து வந்த சின்னவள் வலது கையை மடக்கியபடியே இருந்தாள். நீட்ட வரவில்லையாம். "கொண்டா இங்க" என்றேன். சிக்கின கதவை இருபது வருஷமாக எப்படித் திறக்கிறேனோ அப்படியே. லேசாக ஆட்டி, வெடுக்கென்று ஒரு இழுப்பு. உள்ளே 'டக்'. கை நீண்டது. நான் பெரிய வைத்தியர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன். அவள் முகம் வெளுத்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

மார்ச் 6

மறுபடி மாட்டிக்கொண்டது. இந்த முறை அவள் அம்மாவிடம் போனாள்.

மார்ச் 11, செவ்வாய்

எலும்பு டாக்டரம்மா படத்தைக் காட்டினார். முழங்கை மூட்டில் ஒரு எலும்புத் துண்டு பெயர்ந்து உள்ளேயே சுற்றுகிறது. பட்டாணி அளவு. கையைக் கிழிக்க வேண்டாம், சின்னச் சின்னதாய் மூன்று ஓட்டை, ஒன்றில் கேமரா, ஒன்றில் கருவி என்றார்.

"யாராவது பிடிச்சு இழுத்தீங்களா?"

நான் அறைக் கதவின் கீலைப் பார்த்தேன். நல்ல கீல்.

"இல்ல டாக்டர்" என்றாள் சின்னவள்.

பதின்மூணு வயசுப் பொண்ணு எனக்காகப் பொய் சொல்றா. நானெல்லாம் ஒரு அப்பனா?

மார்ச் 19

நாளை ஆபரேஷன். அந்த 'டக்' காதிலேயே இருக்கிறது. உடைத்தது நான்தானே?

மார்ச் 20, வியாழன்

கையெழுத்துப் போடும்போது சொல்லிவிட்டேன். வீட்டுக்காரியும் பக்கத்தில்தான் நின்றாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "துண்டு பெயர ஆரம்பிச்சு மாசக்கணக்காச்சு. கையில நின்னு நின்னு வந்தது. நீங்க உடைக்கல. ஆனா இழுக்கிற வேலைய இனிமே கதவோட வெச்சுக்கோங்க."

வீட்டுக்காரி என்னிடமிருந்த பையை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்றரை மணி நேரம். துண்டை ஒரு குப்பியில் போட்டுக் காட்டினார்கள். ஓட்டைக்கு ஒரு தையல், அவ்வளவுதான். என் கையில் உளி கிழித்த தழும்பே அதைவிடப் பெரிது.

மார்ச் 24

தினம் இரண்டு வேளை பயிற்சி. வீட்டில் ஒருவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். "அம்மா பிடிக்கட்டும்" என்றாள். எனக்கு எண்ணுகிற வேலை. முப்பது வரைக்கும் தெரியுமா என்று வீட்டுக்காரி கேட்டாள். நான்கு நாளில் அவள் என்னோடு பேசின முதல் பேச்சு. தெரியும் என்றேன்.

ஏப்ரல் 9

சின்னவளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்த கோணமானியை வைத்துப் பார்த்தேன். நேராக இன்னும் இருபது டிகிரி பாக்கி. "மூஞ்சிய அப்படி வெச்சுக்காதப்பா, பயமா இருக்கு" என்கிறாள்.

ஏப்ரல் 23

பன்னிரண்டு.

மே 9, வெள்ளி

வீட்டுக்காரி வேலையிலிருந்து வர நேரமாகும் என்றாள். அம்மா வந்ததும் பண்ணிக்கலாமே என்றேன். சின்னவள் துவாலையை மடித்து மேஜையில் போட்டாள். முழங்கையை அதில் வைத்து, மணிக்கட்டை என் உள்ளங்கையில் போட்டாள்.

"நீயே பிடிப்பா."

பிடித்தேன். இழுக்கவில்லை. சும்மா தாங்கிக்கொண்டே இருந்தேன். கை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

எண்ண மறந்துவிட்டேன். அவள்தான் எண்ணினாள்.