அத்தை வர மறுத்த காரணம்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நீங்களும் வயிற்றில் இருக்கும் குட்டியும் நலமாக இருப்பீர்கள், அண்ணன் உங்களைக் குனிந்து ஒரு துரும்பைக்கூட எடுக்க விடமாட்டார் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். போனில் உங்கள் அம்மா பேச்சை எடுத்தாலே "ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க யாருக்கும் மனம் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு வரச் சொல்லி நீங்கள் கூப்பிட்டபோது, "என்னால முடியாது, வேற ஆள் பாத்துக்கோ" என்று அத்தை சொன்னது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. டிப்போவில் லீவு கிடைக்காது என்று காரணம் சொன்னார்கள். ஒரு நாளும் லீவு போடாத கண்டக்டருக்கு யார் லீவு தரமாட்டார்கள்? பெற்ற பெண்ணைவிட பஸ் பெரிதாகப் போயிற்றா என்று நீங்கள் அழுததை நான் மறக்கவில்லை. உண்மை வேறு. இதை எழுத அத்தையிடம் அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாத" என்றார்கள். அதனால் அதை எழுதவில்லை.

சில மாதங்களாகவே வீட்டில் சில விஷயங்கள் உறுத்தின. தன் துணிகளைத் தனி வாளியில் கிருமிநாசினி ஊற்றி ஊறவைத்து, மொட்டைமாடியில் காயப்போடாமல் பீரோவுக்குப் பின்னால் கயிறு கட்டிப் போட்டார்கள். வெயில் படாத அந்த மூலையில் எதுவும் சரியாகக் காயாது. கொதிக்கக் கொதிக்கக் குளியல். நின்றுகொண்டே சாப்பாடு, கேட்டால் பஸ்ஸில் நின்று பழகிவிட்டதாம். எதிர் வீட்டுக்காரி தன் பச்சைக்குழந்தையை மடியில் போட வந்தபோது, சூடு பட்டதுபோலப் பின்வாங்கினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இது வெறும் பழக்கம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

ஒரு விடுமுறை நாளில் உங்கள் தம்பி வெளியே போயிருந்தார். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வற்புறுத்திக் கேட்டேன். முதலில் மூட்டுவலி என்றார்கள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்கள்.

"எனக்குத் தப்பான நோய் ஏதோ வந்திருக்கு. உங்க மாமா போய் இத்தனை வருஷம் ஆச்சு. இந்த வயசுல இந்த எடத்துல நோய்னு யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? கேக்கறவங்க என்ன நெனைப்பாங்க? இதோட போய் எம்பொண்ணு பெத்த குழந்தையத் தூக்கச் சொல்றியா?"

அண்ணி, அவர்கள் வர மறுத்தது இதற்காகத்தான். தன் கையால் உங்கள் குழந்தைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்பதற்காக, நீங்கள் தன்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டார்கள். மருந்துக்கடையில் படை, அரிப்பு என்று பொதுவாகச் சொல்லி ஏதோ களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். முதலில் குறைந்தது, பிறகு இரண்டு மடங்காக எரிந்தது. சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே வரை கழுவியதில் தோலே வெந்துபோயிருந்தது.

நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்து மாடியில் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். அங்கே கூட்டிப்போனேன். படியேறும்போது தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார்கள், டிக்கெட் எடுக்காத பயணிபோல. என் வயதுதான் இருக்கும் அந்த மருத்துவருக்கு. எல்லாவற்றையும் நேராகக் கேட்டார். கட்டியாக, திரிந்த பால் மாதிரி வெள்ளை படுகிறதா, வாடை உண்டா, சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதும் சாப்பிட்டீர்களா, அடிக்கடி தாகம் எடுக்கிறதா என்று கேட்டார். பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ரத்தமும் எடுத்தார்கள்.

முடிவு வந்ததும் அவர் விளக்கிச் சொன்னார். இது ஈஸ்ட் என்ற பூஞ்சையால் வருவது. எல்லார் உடம்பிலும் அது கொஞ்சம் குடியிருக்குமாம். நல்ல கிருமிகள் அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்குமாம். சர்க்கரை கூடினாலோ, ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலோ, கர்ப்பத்திலோ அது பெருகிவிடுமாம். ஈரமும் இறுக்கமான துணியும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். கெட்ட நடத்தையால் வரும் நோய் இல்லை. அழுக்காக இருப்பதாலும் இல்லை. அளவுக்கு மீறிக் கழுவினால்தான் கெடுதல், வெறும் தண்ணீர் போதும் என்றார். அத்தைக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதுதான் திரும்பத் திரும்ப வந்ததற்கு வேர். அரிப்பு மட்டும் காட்டிக்கொடுக்காவிட்டால், அந்தச் சர்க்கரை சத்தமில்லாமல் கண்ணையோ சிறுநீரகத்தையோ பதம் பார்த்திருக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டு அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். சர்க்கரையைப் பற்றி இல்லை. "அப்போ நான் குழந்தையத் தூக்கலாமா?"

"தாராளமா. கையக் கழுவிட்டுத் தூக்குங்க, எல்லாரும் அப்படித்தான் தூக்கணும்" என்றார் மருத்துவர். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததைத்தான் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

படுக்கப்போகும்போது உள்ளே வைக்கும் மாத்திரையும், மேலே தடவக் களிம்பும் கொடுத்தார்கள். அரிப்பு நின்றதும் அத்தை பாதியில் விட்டுவிட்டார்கள், மறுபடி வந்தது. மருத்துவர் கடிந்துகொண்டார். இரண்டாம் முறை கடைசி மாத்திரைவரை வைத்தார்கள். சர்க்கரைக்கு மாத்திரை, அதிகாலை நடை. துணிகள் இப்போது மொட்டைமாடியில் நல்ல வெயிலில், எதிர் வீட்டுத் துணிகளோடு போட்டி போட்டுக் காய்கின்றன. உங்கள் தம்பியிடமும் அத்தையே சொன்னார்கள். அவர் காது சிவந்து சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூஞ்சைடா. சுவத்துல மட்டுந்தான் வரும்னு நெனச்சியா?" என்றார்கள். மறுநாள் அவர் பருத்தித் துணி நாலு மீட்டர் வாங்கிவந்து, எதற்கென்று சொல்லாமல் அத்தை கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் உங்கள் அம்மா யார் என்று எனக்கே அதன் பிறகுதான் தெரிந்தது. டிப்போவில் அவர்களை "ரைட்டம்மா" என்பார்கள். அவர்கள் ரைட் சொல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க முடியாது. போன மாதம் அங்கே ஒரு கூட்டம். பெண் கண்டக்டர்கள் ஏன் நீண்ட தடங்களுக்கு வரமாட்டேன் என்கிறார்கள், சோம்பலா என்று மேலாளர் கேட்டிருக்கிறார். எல்லாரும் தலைகுனிந்து இருக்க, அத்தை எழுந்திருக்கிறார்கள். அவர்களோடு வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன் வீட்டுக்கே வந்து, கை தட்டாத குறையாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குப் பூஞ்சைத் தொற்று இருந்துச்சு சார். எங்க ரெஸ்ட்ரூம்ல டயர அடுக்கி வெச்சிருக்கீங்க. போக எடமில்லாம தண்ணியே குடிக்காம ஓடறோம். காத்துப் புகாத இந்த பேன்ட்ல நாள் முழுக்க வேர்த்து நிக்கறோம். சர்க்கரை எனக்கு வந்தது, அது என் பாடு. மத்தது நீங்க குடுத்தது."

ஒருவன் பின்னாலிருந்து சிரித்தானாம். அத்தை திரும்பி, உன் வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டு வந்து சிரி என்றார்களாம். அதோடு சிரிப்பு நின்றது. டிரைவர் அண்ணனும் எழுந்து, கடைசி நிறுத்தத்தில் ரைட்டம்மா கழிவறை போய்வரும்வரை தன் வண்டி நகராது என்றிருக்கிறார். டயர்கள் வெளியே போய்விட்டன. தாழ்ப்பாள் புதிது, குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது. பருத்தி பேன்ட்டுக்கு மேலிடத்தில் கேட்டிருக்கிறார்களாம், கிடைக்கும்போது கிடைக்கட்டும். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணாக அத்தையிடம் வந்து காதோடு பேசுகிறார்கள். அத்தை மருந்து எதுவும் சொல்வதில்லை. "போய்க் காட்டு, நான் கூட வரேன்" என்பதுதான் எல்லாருக்கும் பதில். அந்த மாடிப்படியில் இப்போது நாலு பக்கமும் பார்ப்பதில்லை, மருத்துவரின் காவலாளியையே வழி விடச் சொல்லி ஏறுகிறார்கள்.

துணியைக்கூட யாருக்கும் தெரியாமல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, ஊர் கேட்க எழுந்து நின்று இதைச் சொல்வதென்றால் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். எனக்கு இருந்திருக்காது, அண்ணி.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இது சர்வசாதாரணமாம். அரிப்போ எரிச்சலோ இருந்தால் வெட்கப்படாமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள்; வாயில் போடும் மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஆகாதாம், உள்ளே வைப்பதும் களிம்பும்தானாம். வாடை, காய்ச்சல், அடிவயிற்று வலி என்றால் அது வேறு எதுவாகவும் இருக்கலாம், ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

அத்தை லீவு வாங்கிவிட்டார்கள். பெட்டியும் கட்டியாகிவிட்டது. ஆனால் தானாகக் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள்; மறுத்தவளுக்கு இனி என்ன உரிமை என்கிறார்கள். மேலாளரிடம் நடுங்காத நாக்கு உங்களிடம் நடுங்குகிறது. கோபமெல்லாம் இருக்கட்டும், குழந்தை பிறந்த பிறகு நிதானமாகச் சண்டை போடலாம். இப்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போன் செய்து "வாம்மா" என்று சொல்லுங்கள் அண்ணி. மணி அடித்தால் முதலில் எடுப்பது அவர்களாகத்தான் இருக்கும்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உங்கள் அன்பை எதிர்பார்க்கும்,
உங்கள் வீட்டு மருமகள்