மாடுகள் அறியாத பாட்டு

மகள் நைசுலாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே மனிதர்களும் மாடுகளும் சௌக்கியம், இரண்டு ஆடுகளுக்கு மட்டும் இருமல். அந்த நார்வேப் பனியில் நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும், இது அறுந்துபோகக் கூடாத சேதி.

மழை இன்னும் வரவில்லை, ஆற்று மணலில் நம் கிணறு இரண்டாள் ஆழத்துக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சித்தப்பா லெதோயே ஓடிவந்து, "அண்ணி, நம்ம கிணத்துல யானைக்குட்டி விழுந்து கெடக்கு" என்றார். போய்ப் பார்த்தால் சேற்றில் காதுவரை முங்கிக் கத்துகிறது, தாய் அக்கரைப் பனைகளின் அடியில் நிற்கிறது, மற்ற யானைகள் மேடேறத் தொடங்கிவிட்டன. உன்னோடு படித்த சிலாந்தோய்தான் இப்போது யானைச் சரணாலயக் காவலர், அவளும் வந்துவிட்டாள். "கூட்டம் போனா தாயும் போயிரும் அத்தை, அப்புறம் குட்டிக்கு அனாதைக் காப்பகம்தான்" என்றாள். நம் ஆண்கள் கரையைச் சரிவாக வெட்டி, குட்டியின் வயிற்றில் துணியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கிணற்றருகே நின்றுவிட்டால் பாடாமல் அவர்களுக்குக் கை ஓடுமா, நம் வீட்டு இறைப்புப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். நம் பாட்டுக்கு நம் மாடு மட்டும்தான் வரும், அடுத்த வீட்டுப் பாட்டுக்குத் தலையைக்கூடத் திருப்பாது. அதில் எனக்கு எப்போதும் பெருமைதான், அன்றைக்குத் தவிர. தண்ணீருக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அத்தனை மாடும் தொழுவத்து முள்வேலியைத் தள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்கி, கிணற்றுக்கும் தாய் யானைக்கும் நடுவே வந்து நின்றன. தாய் காதை விரித்துக்கொண்டு பின்வாங்கியது. "எவன்டா பாடுனது" என்று உன் அப்பா கத்தினார், பாடியதில் உரத்த குரலே அவருடையதுதான்.

மாடுகளை ஓட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இழுத்தார்கள். ஆளுக்கொரு நேரம் இழுக்க, குட்டி பாதிவரை வந்து வழுக்கி விழுந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டைப் பாடலாம் என்றார் சித்தப்பா. "அவங்க மாடு வந்து நிக்கும், நீ தண்ணி காட்டுவியா?" என்றார் அப்பா. கடைசி யானையும் மேடேறிவிட்டது, தாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கல்யாணத்தில் நாங்கள் பெண்கள் பாடுவதைப் பாடுங்கள், அதற்கு எந்த மாடும் வராது என்றேன். ஈட்டியும் செம்மண் பூசிய சடையுமாக நின்ற வாலிபர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொம்பளைங்க பாட்டா?" என்றான் ஒருவன். "யானையத் தூக்குற ஆளுக்கு வாயத் தொறக்க முடியலையா?" என்றாள் சிலாந்தோய். நான் தொடங்கினேன். இரண்டாவது அடியில் உன் அப்பாவின் குரல் சேர்ந்தது, அவருக்கு எல்லா அடியும் தெரிந்திருக்கிறது நைசுலா, இத்தனை வருஷம் மூச்சுவிடவில்லை. பிறகு எல்லோரும் பாடினார்கள், கயிறு ஒரே வீச்சில் வந்தது. குட்டி மேலே ஏறி, கயிற்றை அவிழ்த்ததும் சித்தப்பாவை முட்டித் தள்ளிவிட்டு ஓடியது. தாய் ஆற்றுக்குள் இறங்கி வந்து தும்பிக்கையால் அதை முழுக்கத் தடவிப் பார்த்து, வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு போனது. நான் அழுதேன், ஒளிக்கவில்லை.

கிணறு இடிந்துபோனது, மாலைக்குள் வேறு தோண்டினார்கள். வாளி கைமாறும்போது வாலிபர்கள் சிரித்துக்கொண்டே மறுபடி கல்யாணப் பாட்டை எடுத்தார்கள். உன் அப்பா, "போதும்டா, மாடு இதையும் கத்துக்கிச்சுன்னா ஊர்ல ஒரு கல்யாணம் விடாம வந்து நிக்கும்" என்றார்.

காலுறை இரண்டு போட்டுக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. மலைமேல் இருக்கும் கடவுள் உனக்குப் பாலும் நீரும் குறையாமல் தரட்டும்.

உன் அம்மா,
நோலாரி