கழுவாத அச்சு

ஏப்ரல் 20, திங்கள்
காலையிலேயே கொளுத்துற வெயில். ஸ்கூடாய் ரோடு முழுக்கக் கார். கடை திறக்க ஒன்பதே கால்.
வேலை: செனாய் மண்டபத்துக்கு ஸ்பீக்கர் ரெண்டு. மாடி ஸ்டூடியோ ஏர்கோன் கடகடங்குது, ஆள் கூப்பிடணும். மைக் ஒயர்.

பத்து மணிக்குச் சாமிக்கண்ணு அண்ணன். பாசிர் கூடாங்கில் ஃபேக்டரி பஸ் ஓட்டினவர். கேட் வாசலில் நான் முறுக்கு விற்ற காலத்தில் தினம் ஒரு பாக்கெட் வாங்குவார். இப்போது தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். குரலே இருக்காதாம்.

அடுத்த மாசம் மகள் துளசிக்குக் கல்யாணம். பெண் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது அப்பா குரல் ஒலிக்கணும். பாட்டும் அவரே கட்டியது. "மெதுவா நட கண்ணு, பாதை ஒனக்குத்தான்" என்று ஆரம்பம்.

பாடுமுன் கர்ர்ரென்று ஒரு செருமல். "ஹார்ன் அடிக்காம வண்டிய எடுக்கமாட்டேன்மா."
சிரித்துவிட்டேன். சிரிக்கிற நேரமா அது.

மைக் சத்தம் பார்க்க ஒரு தடவை பாடச் சொன்னேன். பிறகு நாலு டேக். கடைசி டேக் தங்கம்.

ஒரு மடத்தனம். சத்தம் பார்த்ததைப் புது ப்ராஜெக்டில் பதியாமல் டெம்ப்ளேட்டிலேயே பதிந்து, சேவும் அமுக்கிவிட்டேன். டெம்ப்ளேட்டை நான் அச்சு என்றுதான் சொல்வது. முறுக்கு அச்சு மாதிரி. மைக், எக்கோ, தவில், நாதஸ்வரம் எல்லாம் அதில் அடுக்கி ரெடி, மாவு மட்டும் மாறும். இப்போது அச்சில் பழைய மாவு ஒட்டிக்கிச்சு. நாளைக்குக் கழுவணும்.

ஏப்ரல் 22, புதன்
கழுவவில்லை. பிறந்தநாள் பாட்டு ஒன்று. புதுசாகத் திறந்தால் முதல் வரிசையில் சா. அண்ணன் செருமல். ஊமையாக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். எரிச்சல்.

ஏப்ரல் 23, வியாழன்
சாயங்காலம் இடி மழை. துளசி போன். "முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. அப்பா நல்லா இருக்காங்க. எழுதித்தான் காட்டுறாங்க."
பாட்டுக்கு இன்னும் மேளம் சேர்க்கலை. சேர்த்தபிறகு அனுப்பலாம், அவசரமில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்
நடந்ததை வரிசையா எழுதிப் பார்க்கிறேன்.

சா. அண்ணன் பாட்டைத் திறந்தேன். உள்ளே வேறு கல்யாணம். வேறு ஆள் குரல்.

வெள்ளிக்கிழமை நான் செய்தது: அவர் ப்ராஜெக்டில் செட்டிங் அருமையாக இருந்தது, அதையே அச்சாக வைத்துக்கலாம் என்று திறந்தேன். அவர் குரலை எடுத்துவிட்டுப் புதுக் குரல். வேறு பேர் கொடுத்து சேவ் பண்ணணும். வெறும் சேவ் அமுக்கியிருக்கிறேன். அதோடு விட்டேனா? முறுக்கு பிழிந்த கையோடு அச்சைக் கழுவிவைக்கிற புத்தி. "பயன்படாத ஆடியோவை நீக்கவா?" என்று கேட்டது. ஆமாம். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினேன். சுத்தக்காரி.

பழைய காப்பி ஒன்று தானாகவே சேவ் ஆகியிருந்தது. உயிர் வந்தது. திறந்தேன். "சாமிக்கண்ணு 1, 2, 3, 4" என்று பேர் மட்டும் வரிசையாக. உள்ளே சத்தம் இல்லை. காலி டின்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏன், சிம்பான் பண்ணலையா?"
"சேவ் பண்ணதுதாங்க தப்பு."
அவருக்குப் புரியலை.

ஏப்ரல் 29, புதன்
கம்ப்யூட்டர் ரிப்பேர்க்கார சீனப் பையனிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் தோண்டினான். "சுடா ஹிலாங் லா, அக்கா." போச்சாம். அவன் சொன்ன விதம், ஏதோ குடை தொலைந்த மாதிரி.

கடைக்கு வந்து உட்காருமுன் துளசி. "அப்பா பாட்டைக் கேக்கணும்னு எழுதிக் காட்டுறாங்க ஆன்ட்டி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றீங்களா?"
வர்றேன் என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

யோசித்தது: அவர் மாதிரி பாடுகிற ஆளைப் பிடிப்பது. சீ. மகளுக்குத் தெரியாதா?

ஏப்ரல் 30, வியாழன்
தூறல். ஒன்பது மணிக்கே ஒரு வாடிக்கை, கடை விளம்பரத்துக்குப் பாட்டு வேணுமாம். மனசே இல்லாமல் பழைய அச்சிலிருந்து புது ப்ராஜெக்ட் திறந்து பிளே அமுக்கினேன். முதல் வரிசையை ஊமையாக்க மறந்துட்டேன்.

கர்ர்ர்.

நாற்காலியில் அப்படியே கிடந்தேன். செருமல், அப்புறம் பாட்டு, நாலு வரியும் முழுசா. ஏர்கோன் கடகடப்பு. நடுவில் என் குரல், "மைக்குக்குக் கிட்ட வாங்கண்ணே."

சேவ் அமுக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வந்தவர், "என்னக்கா, கரண்ட் அடிச்சிருச்சா?"
"ஆமா. நாளைக்கு வாங்க."
பிறகு மூணு காப்பி. பென் டிரைவ் ரெண்டு, வீட்டுக்காரர் போன். ஒரு டிரைவ் சாமி மேடையில்.

ஆஸ்பத்திரி. முதலில் உள்ளதைச் சொன்னேன். நல்ல டேக் நாலும் நான் அழித்தது, இது சத்தம் பார்த்தது மட்டும். துளசி முகம் சிவந்து, "எப்படி ஆன்ட்டி? அப்பாகிட்ட வேற குரலா இருக்கு?" நியாயம்.

அண்ணன் ஹெட்போனுக்குக் கை நீட்டினார். கழுத்தில் குழாய். கேட்டார். திரும்பவும் கேட்டார். மகள் காதில் மாட்டிவிட்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வியாபாரப் பேச்சை ஆரம்பித்தேன். "ஏர்கோன் சத்தத்தைக் குறைச்சிடலாம்ணே. என் குரலை வெட்டிடலாம். முன்னால அந்தச் செருமலும்..."

கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டை வாங்கி எழுதினார், பெரிய எழுத்தில்:

ஹார்னை எடுத்துடாதேம்மா.