முதல் அகப்பைச் சோறு

ஒக்டோபர் 3, செவ்வாய்

சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது, வாடை இன்னும் எழவில்லை. வல்வெட்டித்துறையில் இலை அசையாத புழுக்கம். காலையில் புட்டு, நேற்றைய மீன்குழம்பு. என் மனுஷன் பாதியில் எழுந்து கை கழுவினார்.

வாங்க: முருங்கைக்காய், சவர்க்காரம், நல்லெண்ணெய், வெள்ளை நூல்.

இரண்டு கம்பனியும் ஒன்றாகிற வேலை போன மாதமே தொடங்கிவிட்டதாம், இப்போதுதான் பேப்பரில் வந்திருக்கிறது. ஒன்றாகிறது என்று நாகரிகமாகப் போட்டிருக்கிறார்கள். கொழும்புப் பெரிய கம்பனி எங்கள் சின்னக் கம்பனியை விழுங்குகிறது, அவ்வளவுதான். எங்களிடம் இரண்டே இரண்டு டகோட்டா பிளேன். பலாலியில் இருந்து இரத்மலானைக்கும் திருச்சிக்கும் ஓட்டம். திருச்சி ஓட்டத்தை நிற்பாட்டுவார்கள் என்று கதை.

அதைவிடப் பெரிய அநியாயம், எங்கள் பைலட்மாரின் பழைய சேவை கணக்கில் இல்லையாம். சேருகிற நாள்தான் முதல் நாள். இவ்வளவு வருடம் கப்ரனாக இருந்த என் மனுஷன், நேற்று மீசை முளைத்தவனுக்குக் கீழே, உதவி பைலட்டின் வலப்பக்கக் கதிரையில் இருக்க வேண்டும். விருப்பமில்லாவிட்டால் விலகலாம்.

மத்தியானம் கண்டிப்பாகச் சொன்னேன்: "நீங்கள் அவங்கடை கடுதாசியிலை ஒப்பம் வைக்கக் கூடாது. விலகி வாங்கோ."

"பாப்பம்."

இவருடைய 'பாப்பம்' எனக்குத் தெரியாததா? எதையோ மறைக்கிறபோதுதான் அந்தச் சொல் வரும்.

ஒக்டோபர் 5, வியாழன்

வெயில். கிணற்றடி வாளி ஓட்டை.

சந்தேகத்துக்குரியவை:
- யூனிபோர்ம் சட்டைகள் இரண்டு கிழமையாக வீட்டுக்கு வரவில்லை. காங்கேசன்துறைச் சலவைக்கடையில் போடுகிறாராம். என் கை அலுத்துவிடுமாம். கலியாணம் செய்து பதினொரு வருடத்தில் இன்றைக்குத்தான் என் கையில் இரக்கம்.
- காலையில் முந்தியே கிளம்புகிறார். சாதாரணச் சட்டை, கையில் பை.
- சாப்பிடும்போது பிளேன் கதை ஒன்றும் இல்லை. முன்பென்றால் மேகம், காற்று, வாந்தி எடுத்த முதலாளி என்று சோறு ஆறும்வரை கதை.
- பரமேஸ். (பக்கத்து வீடு. புருஷன் பலாலியில் எஞ்சினியர்.) என்னைக் கண்டதும் கதையை மாற்றுகிறாள்.

புதிதாக ஒரு பெட்டை பிளேனில் தேத்தண்ணி கொடுக்க வந்திருக்கிறாள் என்று கேள்வி. சாவகச்சேரிப் பக்கமாம். நல்ல நிறமாம். அதையும் இந்தப் பரமேஸ்தான் சொன்னாள். ஏன் என்னிடம் சொன்னாள்?

ஒக்டோபர் 6, வெள்ளி

விரதம். பூசணிக்காய், கீரை, மோர்மிளகாய்.

அண்ணை வந்தார். பட்டணத்தில் கயிறும் வள்ளச் சாமானும் விற்கிற கடை அவருடையது. கதிரையில் இருக்க முதலே தொடங்கிவிட்டார்.

"மச்சான் உவங்களிட்டைக் கை கட்டி நிக்கத் தேவையில்லை, பிள்ளை. என்ரை கடையைப் பாக்கட்டும். ஊருக்கை நான் சொல்லிப்போட்டன், எங்கடை மச்சான் ராசினாமாக் குடுக்கிறார் எண்டு."

"அவர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை."

"என்னத்தைச் சொல்லுறது? தண்டையலின்ரை வீட்டிலை பெண் எடுத்தவர் இன்னொருத்தனுக்குக் கீழை இருப்பாரே?"

எங்களைப் பெற்ற ஐயா பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். கடலில் அவர் சொல்வதுதான் சட்டம். முதல் அகப்பைச் சோறு தண்டையலின் சாப்பாட்டுக் கோப்பையில் விழாமல் கப்பலில் வேறு எவனும் கை நனைக்க முடியாது. கரையில் எங்கள் வீட்டிலும் அதே முறைதான். விருந்தாளி வந்தாலும் அவர் இரண்டாவது. நான் கொடிகாமத்து மரக்கறி வியாபாரியின் மகனைக் கட்டியபோது அண்ணைக்கு முகம் கறுத்தது. "கப்பலில்லாட்டில் என்ன, பிளேனிலை தண்டையல்தானே" என்று ஐயாதான் சொல்லி வாயடைத்தார். அன்றிலிருந்து முதல் அகப்பை இவருக்கு. தொடக்கத்தில் வெட்கப்பட்டார். பிறகு விருந்தாளிகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார்.

ஒக்டோபர் 8, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பிளேனில் ஏதோ பழுது, பின்னேரம்வரை நிற்கிறது என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருவரைக் கூட்டிவந்தார். கொழும்புக் கம்பனி ஆளாம், பெரேரா. ரெஸ்ட் ஹவுஸ் சாப்பாடு ஒத்துவரவில்லையாம். "ஓட்டங்களைப் பாக்க வந்தவர்" என்று வாசலில் காதோடு சொன்னார். வேவு பார்க்க வந்தவன் என்று நான் எடுத்துக்கொண்டேன். இளந்தாரி. சிரித்த முகம். சிரித்த முகத்தை நான் நம்புவதில்லை.

குத்தரிசிச் சோறு, விளைமீன் குழம்பு, கணவாய்ப் பொரியல், முருங்கைக்காய். வழக்கம்போல் முதல் அகப்பையை இவருடைய கோப்பைக்குக் கொண்டுபோனேன். கையால் மறித்தார்.

"முதல் அவருக்குப் போடும்."

"அவருக்கும் போடத்தானே போறன்."

"போடுமப்பா முதல்." தலை நிமிரவில்லை.

பெரேரா பதறிப்போனார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "வேண்டாம் அக்கா! அண்ணைக்கு முதல். பிளேனிலை மட்டும்தான் நான் கப்ரன். இங்கை அண்ணைதான் கப்ரன்."

எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார் பாவம். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அகப்பை என் கையிலேயே நின்றது. இவர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரேராவுக்குப் போட்டேன். கூடுதலாகவே போட்டேன். பிறகு இவருக்கு. மூன்று பேரும் முருங்கைக்காயைப் பற்றிக் கதைத்தோம்.

பெரேரா முற்றத்தில் சிகரெட் பற்றவைத்த நேரம் குசினிக்குள் வைத்துக் கேட்டேன்.

"எப்ப ஒப்பம் வைச்சனீங்கள்?"

"ரெண்டு கிழமையாச்சு."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் என்ன சொல்லுவீர் எண்டு தெரியும். கொண்ணரும் வந்து நிப்பார். கயித்துக் கடையிலை இருந்து நான் என்னத்தைச் செய்யிறது? எனக்குப் பறக்க வேணும். இடப்பக்கமோ வலப்பக்கமோ எனக்கு ஒண்டுதான். உமக்குத்தான் ஒண்டில்லை."

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். பெரேரா உள்ளே வந்து "சோறு நல்லம் அக்கா" என்று கும்பிட்டார். தப்பினார் என் மனுஷன்.

ஒக்டோபர் 9, திங்கள்

மப்பு. மழை இல்லை. பேச்சும் இல்லை.

"சட்டையளைக் கொண்டு வாங்கோ. நான் தோய்க்கிறன்" என்று மட்டும் சொன்னேன். பின்னேரம் பையோடு கொண்டுவந்து வைத்தார்.

தோள்பட்டிகளில் மூன்று கோடு. கப்ரனுக்குரிய நான்காவது கோடு இருந்த இடத்தில் துணி கருநீலமாக, புதிதாக. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளிறிப்போயிருக்கிறது. சவரப் பிளேட்டால் தானே அறுத்திருக்கிறார், நூல் நுனிகள் தொங்குகின்றன. எங்கே இருந்து அறுத்தார்? காருக்குள்ளா? சலவைக்கடை வாசலிலா? இந்தக் கோலத்தோடா இரண்டு கிழமை சனத்துக்கு முன்னால் போய் நின்றார்?

என்னிடம் தந்திருந்தால் நூல் நூலாகப் பிரித்திருப்பேன். தந்திருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் தரவில்லை.

வலமும் இடமும் ஒன்றுதானாம். சந்தேகம்தான்.

அந்தச் சாவகச்சேரிப் பெட்டையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பரமேஸிடம் கேட்க மாட்டேன்.

ஒக்டோபர் 11, புதன்

காலையில் தூறல். வாடை தொடங்கப் பார்க்கிறது. விறகை உள்ளே எடுத்து வைத்தேன்.

பத்து மணி போல் அண்ணை. கூடவே சங்கக்கடை மனேஜர். சாட்சிக்குத்தான் கூட்டிவந்திருக்கிறார் என்று கண்டதும் விளங்கியது. பரமேஸ் வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட வந்துவிட்டாள். தூறலில் என்ன உடுப்போ.

"கப்ரன் எங்கை, பிள்ளை? கடைப் பூட்டுத் திறப்பு கொண்டு வந்தனான். ராசினாமாக் குடுத்தாச்சுத்தானே?"

ஓம், இன்னும் இரண்டு நாளில் என்று சொல்லியிருக்கலாம். பொய் வாய் நுனியில் நின்றது.

"இல்லை அண்ணை. ஒப்பம் வைச்சிட்டார். இப்ப அவர் கப்ரன் இல்லை, ரெண்டாவது ஆள். கொழும்பிலையிருந்து வந்த ஒரு பெடியன்தான் கப்ரன். இவர் பக்கத்திலையிருந்து ஓட்டுறார். பின்னேரம் வருவார், இருக்கிறதெண்டா இருங்கோ."

"ஆரின்ரை மகளெண்டு யோசிச்சுக் கதை."

"யோசிச்சுத்தான் கதைச்சனான்."

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார். மனேஜர் பாவம், ஒரு மிடறு குடித்துவிட்டு ஓடினார். அண்ணையின் தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினேன். ஐயா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை.

பின்னேரம் அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்தார்.

"ரெண்டாவது ஆள் எண்டு சொன்னனீரோ? கொண்ணருக்கு? உம்மடை வாயாலை?"

"ஓம்."

"பரமேஸுக்கும் கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும். கேக்கட்டும்."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கலியாணம் செய்த நாளில் இருந்து இந்த மனுஷன் அழுது நான் கண்டதில்லை. அவருடைய அப்பா செத்தபோதுகூட இல்லை.

வலமும் இடமும் ஒன்றுதான் என்று அவர் சொன்னது பொய். இத்தனை நாள் நான் பட்ட சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரி.

பக்கத்தில் போய் இருந்தேன்.