யாழினியின் தொடைக் கட்டி

வியாழன், இரவு

யாழினியின் தொடையில் வந்த கட்டி இப்போது என் உள்ளங்கை அளவுக்குப் பெருத்துவிட்டது. கல் மாதிரி இருக்கிறது. அழுத்தினாலும் வலிக்கவில்லை என்கிறாள். நாலு வயசுப் பிள்ளை பொய் சொல்ல மாட்டாள். வலிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் எப்போதும் காட்டும் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இன்று அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தோல் டாக்டரம்மா பார்த்தார். கட்டியின் ஓரத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். விரல் கட்டிக்கு அடியில் நுழைந்தது.

"இப்படி விரல் கீழே போச்சுன்னா, தோலுக்கு அடியில வர்ற பூஞ்சையா இருக்கலாம்மா. சின்னப் பசங்களுக்குத்தான் அதிகமா வரும். மருந்து கொடுத்தா கரைஞ்சிடும்."

"அப்போ கேன்சர் இல்லையா டாக்டர்?"

"சதை எடுத்து டெஸ்ட் பண்ணாம நான் எதுவும் சொல்ல முடியாதும்மா."

மரத்துப்போக ஊசி போட்டுத் துளி சதை எடுத்தார்கள். யாழினி என் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு அழுதாள். ரிசல்ட் அடுத்த வாரம்தான் வருமாம்.

வேலைக்காகப் புனே போயிருக்கும் இவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பூஞ்சைன்னா ரொம்ப மோசமா?" என்று கேட்டார்.

"பூஞ்சையாவே இருக்கணும்னு வேண்டிக்கோங்க" என்றேன்.